வீட்டு கேஸ் வாட்டர் ஹீட்டரை எத்தனை டிகிரியில் வைப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் வீடு வாங்கும் நம்மவர்கள் கூரை, ஃபர்னஸ், பக்கத்துப் பள்ளிக்கூடம் என்று எல்லாவற்றையும் துருவித் துருவி விசாரிப்பார்கள். பேஸ்மென்ட்டிலோ கராஜ் மூலையிலோ நிற்கும் வாட்டர் ஹீட்டரை மட்டும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. குழந்தை பிறந்த பிறகோ, ஊரிலிருந்து பெற்றோர் வரும்போதோ, யாராவது ஷவரில் "ஆ" என்று கத்தும்போதோதான் அதன் ஞாபகமே வரும். அப்போது எழும் சந்தேகங்கள் வீட்டுக்கு வீடு பெரிதாக மாறுவதில்லை. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

பேச்சு முக்கியமாக 40, 50 கேலன் டேங்க் வைத்த கேஸ் ஹீட்டரைப் பற்றியது. டேங்க் இல்லாத வகைக்கும் ஊரில் இருக்கும் கேஸ் கீஸருக்கும் கடைசியில் தனித்தனிக் கேள்வி உண்டு. டிகிரி என்று வருமிடமெல்லாம் ஃபாரன்ஹீட்.

சுருக்கமா சொல்லுங்க, எத்தனை டிகிரியில வைக்கணும்?

குழாயில் வரும் தண்ணீர் 120 டிகிரி இருக்க வேண்டும். செல்சியஸில் 49. அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் பரிந்துரைப்பது இதைத்தான். டயல் 120-ல் இருப்பது ஒன்று, குழாயில் 120 வருவது இன்னொன்று. நமக்கு வேண்டியது இரண்டாவது.

வீட்டில் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் இருந்தால் மட்டும் கணக்கு மாறும். அதற்குக் கிருமி பற்றிய கேள்வியைப் பாருங்கள்.

120 எல்லாம் ஒரு சூடா? எங்க வீட்ல 140-லதான் இருக்கு, யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?

ஆகாத வரைக்கும் ஒன்றும் ஆகாதுதான். அந்த ஆணையம் தரும் கணக்கு இது: 150 டிகிரித் தண்ணீர் 2 விநாடி பட்டாலே பெரியவர்களுக்கும் ஆழமான, தோல் முழுதும் வெந்துபோகிற காயம் வரும். 140 டிகிரிக்கு 6 விநாடி. 130-க்கு 30 விநாடி. 120 என்றால் 5 நிமிடம் ஆகும்.

இருபது டிகிரி குறைத்ததற்கு 6 விநாடி 5 நிமிடமாகிறது. கையை இழுத்துக்கொள்ளவும், குழந்தையைத் தூக்கிக்கொண்டு விலகவும், வழுக்கி விழுந்தவர் எழுந்திருக்கவும் அந்த அவகாசம்தான் உதவும். குழந்தைகளுக்குத் தோல் மெல்லியது, வயதானவர்களுக்குச் சுதாரிக்க நேரம் பிடிக்கும். அவர்களுக்கு மேலே சொன்ன விநாடிகள் இன்னும் குறையும். அப்புறம், நாம் குளிக்கிற சூடு சுமார் 105 டிகிரிதான். 110-ஐத் தாண்டினாலே பெரும்பாலானவர்கள் பச்சைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிவிடுவார்கள். ஆகவே 120-ஐயே யாரும் நேராக மேலே ஊற்றிக்கொள்வதில்லை, விளாவித்தான் குளிக்கிறோம். 140 எதற்கு?

வாஷிங்டன் மாநிலம் 1983-லேயே புதிய ஹீட்டர்களை 120-ல் வைத்துத்தான் தர வேண்டும் என்று சட்டம் போட்டது. ஆனாலும் உங்கள் வீட்டு ஹீட்டரை முந்தைய வீட்டுக்காரர் எங்கே திருப்பி வைத்துவிட்டுப் போனார் என்பது யாருக்கும் தெரியாது. குடிபோன வாரமே பார்த்துவிடுவது நல்லது.

டயல்ல நம்பரே இல்லையே? ஹாட், ஏ, பி, சின்னு என்னமோ எழுதியிருக்கு.

பல மாடல்கள் அப்படித்தான். பொதுவாக "ஹாட்" என்ற இடமோ, அதன் பக்கத்தில் இருக்கும் சின்ன முக்கோணமோ 120-ஐ ஒட்டி இருக்கும். அதற்கு மேல் ஏ என்பது 130, பி 140, சி 150, "வெரி ஹாட்" 160 என்று பத்துப் பத்தாக ஏறும். கீழ்ப்பக்கம் "வார்ம்", "லோ", "வெக்கேஷன்" என்று இருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும் என்பதால் டேங்க் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். எந்த எழுத்துக்கு எத்தனை டிகிரி, எத்தனை விநாடியில் தோல் வேகும் என்று பெரும்பாலும் அதிலேயே அச்சிட்டிருப்பார்கள். மங்கலாக இருந்தால் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படிக்கலாம்.

நம்பர் போடாததற்குக் காரணம் இருக்கிறது. சூட்டை உணரும் குச்சி டேங்கின் அடிப்பக்கம் இருக்கிறது. குழாய்க்குப் போகும் தண்ணீர் மேல்பக்கத்திலிருந்து எடுக்கப்படுகிறது. இரண்டும் எப்போதும் ஒரே சூட்டில் இருப்பதில்லை. எழுத்து தோராயம்தான், அளந்துதான் தீர வேண்டும்.

சரி, எப்படி அளக்கறது? ஜுரம் பாக்கற தெர்மாமீட்டர் போதுமா?

போதாது. அது 108 டிகிரி வாக்கில் நின்றுவிடும். இறைச்சி வெந்திருக்கிறதா என்று குத்திப் பார்க்கும் சமையல் தெர்மாமீட்டர் எந்தக் கடையிலும் கிடைக்கும். சைவ வீடாக இருந்தாலும் பரவாயில்லை, ஒன்று வாங்கி வையுங்கள். தயிருக்கு உறை ஊற்றும்போது பால் சூடு பார்க்கவும் ஆகும்.

ஹீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் சிங்க்கில், வெந்நீர்ப் பக்கம் மட்டும் முழுதாகத் திறந்து மூன்று நிமிடம் ஓட விடுங்கள். ஒரு கண்ணாடித் தம்ளரைக் குழாய்க்கு நேராகப் பிடித்து, தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும்படி தெர்மாமீட்டரை உள்ளே விட்டு, எண் நின்ற பிறகு படியுங்கள். குளியலறைக் குழாயில் அளக்காதீர்கள். அங்கே சூட்டைக் கட்டுப்படுத்தும் அமைப்பு வேறு இருக்கலாம், எண் குறைத்துக் காட்டும்.

காலையில் எழுந்ததும், யாரும் குளிப்பதற்கு முன் ஒரு தடவை. மாலையில் வீட்டில் எல்லாரும் கொஞ்சம் கொஞ்சமாக வெந்நீர் எடுத்த பிறகு இன்னொரு தடவை. இரண்டில் எது அதிகமோ அதைக் கணக்கில் எடுங்கள்.

கேஸ் வால்வைத் தொட பயமா இருக்கு. வெடிச்சிடாதா?

சூட்டு டயலைத் திருப்புவதால் எதுவும் வெடிக்காது. அது வீட்டுக்காரர் திருப்புவதற்காகவே வைத்தது. டேங்கின் முன்பக்கம் கீழே ஒரு சின்னப் பெட்டி இருக்கும், அதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆன், பைலட் (பர்னரைப் பற்றவைக்க எப்போதும் எரியும் சின்னத் தீ), ஆஃப் என்று எழுதிய திருகு ஒன்று, சூட்டுக்கு டயல் ஒன்று. நாம் தொட வேண்டியது சூட்டு டயலை மட்டும். சில மாடல்களில் இரண்டும் ஒரே டயலில் இருக்கும். அதில் அழுத்தாமல், பைலட் பக்கம் போகாமல், மெதுவாகத் திருப்பினால் போதும். ஒரு தடவைக்கு ஒரு குறி அளவு. மறுநாள் அளந்து பார்த்துவிட்டு அடுத்தது.

தெரியாமல் பைலட் அணைந்துவிட்டால் பதறாதீர்கள். மறுபடி பற்றவைக்கும் முறை அந்த ஸ்டிக்கரிலேயே படிப்படியாக இருக்கும். ஆனால் கேஸ் நாற்றம் அடித்தால் டயல், தெர்மாமீட்டர் எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். லைட் ஸ்விட்சைக்கூடத் தொடாமல் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வெளியே போய், அங்கிருந்து 911-க்கோ கேஸ் கம்பெனிக்கோ போன் செய்யுங்கள்.

குறைச்சு ரெண்டு மணி நேரம் ஆச்சு, அதே சூடுதான் வருது. டயல் வேலை செய்யலையா?

டயலைக் குறைத்தால் டேங்கில் ஏற்கெனவே இருக்கும் தண்ணீர் உடனே ஆறிவிடாது. சுற்றிலும் பஞ்சு வைத்த தொட்டி அது, சூட்டை விடாமல் வைத்திருப்பதுதான் அதன் வேலை. பழைய வெந்நீர் செலவாகி, புதிதாக வந்த தண்ணீர் புதிய அளவுக்குச் சூடான பிறகுதான் உண்மை தெரியும். ஒரு ராத்திரி, ஒரு காலைக் குளியல் கழியட்டும்.

பொறுமை இல்லாமல் இன்னும் குறைத்து, அப்புறம் "தண்ணி சுடவே இல்லை" என்று ஏற்றி, இப்படி ஒரு வாரம் முன்னும் பின்னும் திருப்புகிறவர்கள் நிறைய.

அவசரத்துக்கு மேக்சிமம்ல வெச்சா சீக்கிரம் சூடாகுமா?

ஆகாது. பர்னர் ஒன்று எரியும், இல்லையென்றால் அணையும். டயலை ஏற்றினால் தீ பெரிதாவதில்லை, எப்போது நிறுத்துவது என்பது மட்டும் தள்ளிப்போகும். 40,000 பி.டி.யு. (பர்னர் ஒரு மணி நேரத்தில் தரும் சூட்டின் அளவு) பர்னர் உள்ள 40 கேலன் டேங்க், குளிர்காலத் தண்ணீரை 120 வரை கொண்டுவர ஏறக்குறைய முக்கால் மணி நேரம் எடுக்கும். டயல் எங்கே இருந்தாலும் 120-ஐத் தொட அதே முக்கால் மணி நேரம்தான். வித்தியாசம் என்னவென்றால், மேக்சிமத்தில் வைத்தவர் அதை மறந்துவிடுவார்.

குறைச்சதும் ரெண்டாவது ஆள் குளிக்கறதுக்குள்ள தண்ணி ஆறிடுது. திரும்ப ஏத்திடட்டுமா?

முதலில் ஒரு கணக்கைப் பாருங்கள். நியூ ஜெர்சி மாதிரி இடத்தில் ஜனவரியில் குழாய்த் தண்ணீர் 45 டிகிரி என்று வைப்போம். ஷவரில் 105 வேண்டும். டேங்க் 120-ல் இருந்தால் ஷவர் தண்ணீரில் 80 சதவீதம் வெந்நீராக இருக்க வேண்டும். டேங்க் 140-ல் இருந்தால் 63 சதவீதம் போதும். 40 கேலன் டேங்கில் சூடு விழாமல் எடுக்க முடிவது 28 கேலன் போல. நிமிடத்துக்கு 2 கேலன் விடும் ஷவரில், 120 என்றால் 17 நிமிடம் குளிக்கலாம், 140 என்றால் 22 நிமிடம். இடையில் பர்னர் சூடாக்கிச் சேர்ப்பது தனி.

அதாவது, தோல் வெந்துபோகும் நேரத்தை 5 நிமிடத்திலிருந்து 6 விநாடிக்கு இறக்கி, பதிலுக்கு வாங்குவது ஐந்து நிமிடக் குளியல். அதே 120-ல், ஷவர் தலையை மட்டும் நிமிடத்துக்கு 1.5 கேலன் விடுவதாக மாற்றினால் 23 நிமிடம் வருகிறது! டயலை ஏற்றுவதைவிட லாபம், கைக்கு எட்டுகிற வேலை.

இது எதுவும் இல்லாமல், முன்பெல்லாம் போதிய தண்ணீர் இந்த வருடம் போதவில்லை என்றால் விஷயம் வேறு. டேங்கின் அடியில் வண்டல் படிந்திருக்கலாம். பச்சைத் தண்ணீரை அடி வரை கொண்டுபோகும் உள்குழாய் உடைந்து, உள்ளே வந்த தண்ணீர் மேலேயே வெந்நீரோடு கலக்கலாம். பிளம்பரைக் கூப்பிட்டு அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கோடையில சரியா இருந்துச்சு, டிசம்பர் வந்தா பத்தல. சீசனுக்கு சீசன் மாத்தணுமா?

தேவையில்லை. மேலே போட்ட கணக்கில் 45-க்குப் பதிலாக 70 என்று போட்டுப் பாருங்கள், வெந்நீர் 80-க்குப் பதில் 70 சதவீதம் போதும். ஹீட்டர் மாறவில்லை, உள்ளே வரும் தண்ணீர்தான் குளிர்ந்திருக்கிறது. டெக்சாஸில் இருந்து மிச்சிகன் போனவர்கள் ஹீட்டரைத் திட்டுவது இதனால்தான். குளிர்காலத்தில் காலை ஆறரைக்கு ஒருவர், ஏழேகாலுக்கு ஒருவர் என்று குளியலைப் பிரித்துக்கொள்வது எளிது.

ஒரு தடவை அளந்தா 120 காட்டுது, இன்னொரு தடவை 140. தெர்மாமீட்டர் கோளாறா?

இல்லை, டேங்கின் குணம். வீட்டில் ஒருவர் கை கழுவுகிறார், பிறகு ஒருவர் ஒரு டம்ளரை அலசுகிறார், பிறகு இன்னொருவர் முகம் கழுவுகிறார் என்று வையுங்கள். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பச்சைத் தண்ணீர் அடியில் நுழைகிறது. அடியில் இருக்கும் உணர்குச்சி "ஆறிவிட்டது" என்று பர்னரைப் பற்றவைக்கிறது. சூடான தண்ணீர் மேலே ஏறிக்கொள்கிறது. மேலே ஏற்கெனவே இருப்பதும் சூடு. இப்படி அடுக்கு மேல் அடுக்காகச் சேர்ந்து, உச்சியில் இருப்பது டயல் அளவைவிட 20, 30 டிகிரி கூடப் போய்விடும்.

இரண்டு வேளை அளக்கச் சொன்னது இதற்குத்தான். மாலை அளவு 140 காட்டினால் டயலை ஒரு குறி குறையுங்கள். காலை அளவு 110-க்குக் கீழே போகிறது, மாலை 140 வருகிறது என்று இரண்டும் ஒரே வீட்டில் நடந்தால் டயலால் மட்டும் தீராது. கலவை வால்வு வேண்டும், கீழே வருகிறது.

குறைச்சு வெச்சா டேங்க்ல கிருமி வளரும்னு சொல்றாங்களே? அதுக்கு 140 வேணுமாமே?

நியாயமான கேள்வி. லெஜியோனெல்லா என்ற பாக்டீரியாவைப் பற்றித்தான் சொல்கிறார்கள். 1976-ல் பிலடெல்பியாவில் முன்னாள் படைவீரர்கள் மாநாட்டுக்கு வந்தவர்களுக்கு நிமோனியா மாதிரி ஒரு நோய் வந்து 34 பேர் இறந்தார்கள், அப்போதுதான் இந்தக் கிருமி வெளிச்சத்துக்கு வந்தது. அங்கே சந்தேகிக்கப்பட்டது ஹோட்டலின் குளிர்சாதன அமைப்பு, வாட்டர் ஹீட்டர் அல்ல. ஆனால் வெதுவெதுப்பாகத் தேங்கிய தண்ணீர் எங்கே இருந்தாலும் இது வளரும். குடிப்பதால் வருவது அபூர்வம், ஷவரில் தெறிக்கும் நுண்துளிகளை மூச்சில் இழுப்பதால் வருகிறது.

இது செழித்து வளரும் சூடு 77 முதல் 113 டிகிரி வரை. 120-ல் அவ்வளவாகப் பெருகாது, ஆனால் சட்டென்று சாகவும் சாகாது. 140-ல் வேகமாகச் செத்துப்போகும். இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது: 120 என்பது மேல்வரம்பு மட்டும் அல்ல, கீழ்வரம்பும் அதுதான். மிச்சம் பிடிக்கிறேன் என்று 105-லோ 110-லோ வைக்கிறவர்கள் நேராகக் கிருமிக்குப் பிடித்த இடத்தில் போய் நிற்கிறார்கள். அது 140-ஐவிட மோசமான யோசனை.

கேஸ் ஹீட்டர்காரர்களுக்கு ஒரு ஆறுதல் உண்டு. தீ அடியில் எரிவதால், வண்டல் படியும் அடிப்பகுதியும் நன்றாகச் சூடாகிறது. மின் ஹீட்டரில் கம்பிக்குக் கீழே இருக்கும் தண்ணீர் வெதுவெதுப்பாகவே கிடக்கும். கியூபெக்கில் வீடு வீடாக நடத்திய ஆய்வில் மின் ஹீட்டர்களில் கிடைத்த கிருமி, கேஸிலும் எண்ணெயிலும் ஓடும் ஹீட்டர்களில் கிடைக்கவில்லை. ஆகவே ஆரோக்கியமானவர்கள் இருக்கும் வீட்டில் கேஸ் ஹீட்டரை 120-ல் வைப்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டவர், கீமோதெரபியில் இருப்பவர், நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர் வீட்டில் இருந்தால் அவர்களுடைய டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். 140-ல் வைக்கச் சொன்னால் அடுத்த பதிலில் இருப்பது கட்டாயம்.

டேங்க்ல 140-ம் வேணும், கைலயும் சுடக்கூடாது. ரெண்டும் நடக்குமா?

நடக்கும். ஹீட்டரின் வெந்நீர் வெளியேறும் இடத்தில் ஒரு கலவை வால்வு பொருத்தலாம். டேங்கிலிருந்து வரும் 140 டிகிரித் தண்ணீரில் தானே பச்சைத் தண்ணீரைக் கலந்து, வீட்டுக் குழாய்களுக்கு 120-ஆக அனுப்பும். டேங்கில் கிருமிக்கு இடமில்லை, குழாயில் ஆபத்தில்லை, கூடவே ஒரு பயனும்: டேங்க் பெரிதானது மாதிரி வெந்நீர் அதிக நேரம் வரும். நான்கைந்து பேர் இருக்கும் வீட்டுக்கு, பெரிய ஹீட்டர் வாங்குவதற்கு முன் இதைத்தான் யோசிப்பேன்.

பொருத்துவது பிளம்பர் வேலை. ஹீட்டரோடு பொருத்துவதற்கு ஏ.எஸ்.எஸ்.இ. 1017 என்ற தரக் குறியீடு உள்ள வால்வு வேண்டும், ஒரே ஒரு சிங்க்குக்கோ டப்புக்கோ வைப்பது 1070. பில்லில் எண் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பொருத்திய பிறகும் வருடத்துக்கு ஒரு தடவை குழாயில் அளக்க வேண்டும், உப்புப் படிந்து வால்வு சிக்கிக்கொள்ளும்.

ஊர்ல இருந்து அப்பா அம்மா வர்றாங்க. தனியா ஏதாவது பண்ணணுமா?

அவர்கள் வருவதற்கு முந்தின வாரமே அளந்து 120-க்குக் கொண்டுவந்துவிடுங்கள். அப்புறம் குளியலறையை ஒரு தடவை அவர்கள் கண்ணால் பாருங்கள். ஊரில் கீஸர் வெந்நீரை வாளியில் பிடித்து, பச்சைத் தண்ணீர் விட்டு விளாவி, கையை விட்டுப் பார்த்து மொண்டு ஊற்றிக்கொண்டவர்கள். இங்கே சுவரில் ஒற்றைக் கைப்பிடி. எந்தப் பக்கம் திருப்பினால் சூடு என்பது வீட்டுக்கு வீடு வேறு. திறந்ததும் முதலில் பச்சைத் தண்ணீர் வரும், "இன்னும் சுடலையே" என்று கடைசிவரை திருப்புவார்கள், அரை நிமிடத்தில் குழாயில் வெந்நீர் வந்து சேரும், அதற்குள் ஷவருக்குக் கீழே நின்றிருப்பார்கள். வழுக்கும் டப்பில் பின்வாங்கவும் பயம்.

அதனால் கைப்பிடி நிற்க வேண்டிய இடத்தில் சிவப்பு டேப் ஒட்டுங்கள். கூடவே நின்று ஒரு தடவை திறந்து காட்டுங்கள், வாயால் சொன்னது மறந்துபோகும். வாளியும் மக்கும் வாங்கி வைப்பதில் தப்பே இல்லை. வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், அதன் மேல் வெந்நீர் என்று பழக்கிவிடுங்கள்.

சர்க்கரை நோய் நெடுநாளாக இருப்பவர்களுக்குக் கால் மரத்திருக்கலாம். தண்ணீர் சுடுவது காலுக்குத் தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். கால்வலிக்கு வெந்நீரில் கால் வைக்கும் பழக்கம் இருந்தால், வேறு யாராவது முழங்கையை விட்டுச் சூடு பார்த்த பிறகே வைக்கச் சொல்லுங்கள். 120 டிகிரிகூட இவர்களுக்கு அதிகம். 5 நிமிடம் என்று மேலே சொன்ன கணக்கு ஞாபகம் இருக்கட்டும், காலை வைத்துக்கொண்டு அதைவிட அதிக நேரம் உட்கார்ந்திருப்பார்கள்.

கைக்குழந்தைக்கு எவ்வளவு சூடு?

குளிப்பாட்டும் தண்ணீர் 100 டிகிரி வாக்கில் இருந்தால் போதும். குழந்தையை டப்பில் வைத்துக்கொண்டு குழாயைத் திறக்காதீர்கள். தண்ணீரைப் பிடித்து, குழாயை மூடி, துழாவி, முழங்கையால் பார்த்துவிட்டுப் பிறகு குழந்தையை இறக்குங்கள். தவழும் வயது வந்தால் கைப்பிடியை எட்டிப் பிடித்துத் திருப்பும் என்பதையும் மறக்க வேண்டாம்.

எண்ணெய்ப் பிசுக்கு போகணும், டிஷ்வாஷருக்கு 140 வேணும்னு கேள்விப்பட்டேன்?

பழைய டிஷ்வாஷர்களுக்கு அது உண்மை. இப்போது வருகிறவற்றில் உள்ளேயே சூடாக்கும் கம்பி இருக்கிறது, தனக்கு வேண்டியதை அதுவே ஏற்றிக்கொள்ளும். 120-ல் தண்ணீர் போனால் போதும். ஓட விடுவதற்கு முன் சமையலறைக் குழாயில் வெந்நீர் வரும்வரை திறந்துவிட்டால் முதல் சுற்றிலிருந்தே வெந்நீர் கிடைக்கும். கையால் தேய்க்கும் இட்லித் தட்டுக்கும் வடைச்சட்டிக்கும் பிசுக்குப் போகவில்லை என்றால் ஒரு கெட்டில் கொதிக்க வைத்து ஊற்றுங்கள். ஒரு வடைச்சட்டிக்காக வீடு முழுக்க 140 ஓடத் தேவையில்லை.

குறைச்சா பில்லுல எவ்வளவு மிச்சம்?

ஒவ்வொரு 10 டிகிரிக்கும் தண்ணீர் சூடாக்கும் செலவில் 3 முதல் 5 சதவீதம் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. பெரிய பணம் இல்லை. இதற்காக மட்டும் குறைக்கச் சொல்ல மாட்டேன்.

கிச்சன்ல 120 வருது, ஆனா ஷவர்ல வெதுவெதுன்னுதான் இருக்கு. டயலை ஏத்தலாமா?

ஏற்றாதீர்கள், குற்றவாளி ஹீட்டர் இல்லை. ஷவர் கைப்பிடிக்குப் பின்னால், அது எவ்வளவு தூரம் சூட்டுப் பக்கம் போகலாம் என்று தடுக்கும் பிளாஸ்டிக் வளையம் ஒன்று இருக்கும். டேங்க் 140-ல் இருந்த காலத்துக்கு ஏற்ப யாரோ அதை வைத்திருப்பார்கள். ஸ்க்ரூவைக் கழற்றி, வளையத்தை ஓரிரு பல் நகர்த்தினால் சரியாகிவிடும். கைப்பிடியின் கம்பெனி பெயரைப் பார்த்து அதற்கான குறிப்பைத் தேடினால் படத்தோடு கிடைக்கும். இதே வளையத்தை எதிர்ப்பக்கம் நகர்த்தித்தான் பெற்றோர் குளியலறையில் சூட்டைக் கட்டுப்படுத்துவதும்.

ஹீட்டரை ஏற்றினால் அந்த ஷவர் சரியாகும், மற்ற எல்லாக் குழாயும் ஆபத்தாகும்.

ஆறு வாரம் ஊருக்குப் போறோம். அணைச்சிட்டுப் போகலாமா?

"வெக்கேஷன்" குறியில் வையுங்கள். பைலட் எரியும், தண்ணீர் சும்மா கொதித்துக்கொண்டிருக்காது. உறைபனி விழும் ஊரில் குளிர்காலத்தில் கேஸை முழுதாக மூடாதீர்கள்.

திரும்பி வந்ததும் டயலைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, டேங்க் முழுதும் சூடாக நேரம் கொடுத்து, எல்லாக் குழாயிலும் வெந்நீரைச் சில நிமிடம் ஓட விடுங்கள். ஷவரை ஓட விடும்போது குளியலறைக்கு வெளியே இருங்கள். காரணம் கிருமிக் கேள்வியில் இருக்கிறது: ஆறு வாரம் வெதுவெதுப்பாகத் தேங்கிய தண்ணீர் அது.

வாடகை வீடு. நானே மாத்தலாமா?

அபார்ட்மென்ட்டில் பொதுவான பாய்லர் என்றால் உங்கள் கையில் எதுவும் இல்லை. அளந்த எண்ணை எழுதி மெயின்டனன்ஸுக்குப் புகார் கொடுங்கள். "ரொம்ப சுடுது" என்பதைவிட "சமையலறைக் குழாயில் 146 டிகிரி" என்று எழுதினால் சீக்கிரம் ஆள் வருவார். வீட்டுக்காரர் தர வேண்டிய குறைந்தபட்சச் சூடு பல இடங்களில் சட்டத்தில் உண்டு, நியூயார்க் நகரத்தில் வருடம் முழுக்க 120-க்குக் குறையக் கூடாது. தனி வீடு, தனி ஹீட்டர் என்றால் வீட்டுக்காரருக்கு ஒரு வரி எழுதிவிட்டு மாற்றுங்கள்.

எங்களது டேங்க்லெஸ். இதெல்லாம் பொருந்துமா?

பாதி பொருந்தும். டேங்க் இல்லாததால் அடுக்கடுக்காகச் சூடு சேரும் சிக்கலும் வண்டலில் கிருமி தேங்கும் கவலையும் மிகக் குறைவு. கட்டுப்பாட்டுப் பலகையில் எண்ணே தெரியும், 120-ல் வையுங்கள். பலவும் அந்த அளவில்தான் வருகின்றன. இங்கே ஒரு சின்னத் தொந்தரவு உண்டு: ஒருவர் குழாயை மூடி அடுத்தவர் திறக்கும்போது வெந்நீர், நடுவில் கொஞ்சம் பச்சைத் தண்ணீர், மறுபடி வெந்நீர் என்று வரும். அதைப் பழுது என்று நினைத்து எண்ணை ஏற்றாதீர்கள்.

ஊர்ல அம்மா வீட்ல சிலிண்டர்ல ஓடற கேஸ் கீஸர் இருக்கு. அதையும் 120-ல வெக்கணுமா?

அதில் எண் கிடையாது. கேஸுக்கு ஒரு திருகு, தண்ணீருக்கு ஒரு திருகு. தண்ணீர் வேகத்தைக் குறைத்தால் சூடு ஏறும், கூட்டினால் இறங்கும். வாளியில் பிடித்து விளாவிக் குளிக்கும் வரை சூடு அங்கே இரண்டாவது கவலைதான்.

முதல் கவலை, அது குளியலறைக்கு உள்ளே மாட்டியிருக்கிறதா என்பது. மூடிய சின்ன அறையில் கேஸ் எரிந்தால் ஆக்சிஜன் குறைந்து கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமோ மணமோ கிடையாது, குளித்துக்கொண்டிருப்பவர் மயங்கி விழுவார், கதவு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருக்கும். இப்படி உயிர் போன செய்திகள் இந்தியாவில் குளிர்காலந்தோறும் வருகின்றன. கீஸரை வெளிச்சுவரில், காற்றோட்டமான இடத்தில் மாற்றி மாட்டச் சொல்லுங்கள். அமெரிக்க வீட்டு ஹீட்டருக்குப் புகைக்குழாய் இருந்தாலும், படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்கிறதா என்று இன்றே அழுத்திப் பாருங்கள்.

டயலை அடி வரைக்கும் குறைச்சும் 150, 160 வருது. பக்கவாட்டுக் குழாயில இருந்து தண்ணி வேற சொட்டுது. என்ன அர்த்தம்?

அது சூட்டளவு சரிசெய்யும் விஷயம் அல்ல, பழுது. உணர்குச்சியோ கேஸ் வால்வோ கெட்டுப்போய் பர்னர் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் எரிகிறது. கேஸ் திருகை ஆஃப் செய்துவிட்டு, வீட்டில் எல்லாரிடமும் வெந்நீர்ப் பக்கம் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அன்றைக்கே பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

சொட்டுகிற இடத்தில் இருப்பது பாதுகாப்பு வால்வு. டேங்கில் அழுத்தம் 150 பி.எஸ்.ஐ.யைத் தாண்டினாலோ, சூடு 210 டிகிரியைத் தொட்டாலோ திறந்துகொள்ளும். டேங்க் வெடிக்காமல் காக்கும் கடைசி அரண் அதுதான். சூடு சரியாக இருக்கும்போதும் சொட்டினால், விரியும் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லாமல் அழுத்தம் ஏறுகிறது என்று இருக்கலாம். விரிவுத் தொட்டி ஒன்று வைத்தால் தீரும். வால்வே பழையதாகியும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும், தரை நனைகிறதே என்று அந்தக் குழாயின் நுனியில் மூடி போட்டு அடைத்துவிடாதீர்கள். கீழே ஒரு வாளியை வைத்துவிட்டு பிளம்பர் வரும்வரை காத்திருங்கள்.